சுங்கம் தவிர்த்தவர்கள்

திருவண்ணாமலைக்கு வருவோர் கோபுரங்களை அண்ணாந்து பார்ப்பர். மலையை வலம் வருவர். திருச்சுற்றுச் சுவர்களின் அருகே நின்று கல்லெழுத்தைப் பார்ப்போர் மிகச் சிலரே. அவருள்ளும் பலர், "கொடை கொடுத்தவர் பெயராக இருக்கும்" என்று சொல்லி நகர்ந்துவிடுவர். அது பாதி உண்மை. மீதிப் பாதி வரிக்கணக்கு. இன்ன நிலத்துக்கு இன்ன வரி இனி இல்லை, அந்த வருவாய் இனி இன்னாரைச் சேரும் என்பது போன்ற செய்திகளே நம் கோயிற் சுவர்களில் பேரளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன. சோழர், காடவராயர், சம்புவராயர், போசளர், விசயநகரத்தார் எனத் திருவண்ணாமலையை ஆண்டவர் மாறினர். வரியைப் பற்றிய பேச்சு மாறவில்லை.

தேர்தல் நெருங்கும் நாள்களில் இந்தச் சுவர்கள் நம் நினைவுக்கு வருவதுண்டு. அன்று வரியைத் தவிர்த்தவன் அதைக் கல்லில் வெட்டினான். இன்று தவிர்ப்பேன் என்பவர் தாளில் அச்சிடுகிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் என்ன தெரிகிறது என்பதே இக்கட்டுரை.

இறையிலியும் இறைகாவலும்

'இறையிலி' என்னும் சொல்லை முதலில் பார்ப்போம். இறை இல்லாத நிலம் என்பது நேர்ப்பொருள். இதைக் கேட்டதும், உழுதவன் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை போலும் என்று நம் மாணவர்கள் எண்ணிக்கொள்கின்றனர். நடைமுறை வேறு. தேவதான இறையிலியாக ஒரு நிலம் விடப்பட்டால், அதுவரை அரசனுக்குச் சென்ற கடமை இனிக் கோயிலுக்குச் செல்லும் என்பதே பொதுவான ஏற்பாடு. விட்டுக்கொடுத்தவன் அரசன், பெற்றது கோயில், உழுகுடி கொடுத்துக்கொண்டேதான் இருந்தது, கை மட்டும் மாறியது.

இன்னொரு சொல் 'இறைகாவல்'. ஒருவர் கோயிலுக்கு நிலம் எழுதிவைக்கிறார். அந்நிலத்தின் மீதான வரியை ஆண்டுதோறும் யார் கட்டுவது? கொடையாளர் ஊர்ச்சபையிடம் ஒரு தொகையை மொத்தமாக முன்கூட்டியே செலுத்திவிடுவார். அதனைப் பெற்றுக்கொண்ட சபை, அந்நிலத்துக்குரிய வரியைத் தானே ஏற்பதாக உறுதி கூறும். சோழர் காலச் சாசனங்களில் இம்முறையைக் காணலாம். சபையோர் கணக்கில் தெளிவானவர்கள். ஒரு நிலத்தின் வரி நீங்கினால் ஊர் செலுத்த வேண்டிய மொத்தத்தில் அவ்வளவு துண்டு விழும். அதை எவரேனும் ஈடுகட்ட வேண்டும். அவர் யார் என்பதையும் அதே கல்லில் எழுதிவிட வேண்டும்.

ஆக, கல்லெழுத்தில் வரிவிலக்குக்கு இரண்டு பாதிகள் உண்டு. யாருக்கு நீங்கியது என்பது ஒன்று. அந்தச் சுமையோ வருவாயோ யாரிடம் போயிற்று என்பது மற்றொன்று.

முதற் பாதி மட்டுமே புகழாக நின்றுவிட்ட கதையும் நமக்கு உண்டு. முதற் குலோத்துங்கன் (ஆட்சி 1070–1122) 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் போற்றப்பட்டான். ஊர்களுக்கே அவ்விருதுப் பெயர் இடப்பட்டது. வணிகம் தழைக்க அவன் செய்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அதே மன்னன்தான் 1086இல் நாட்டின் நிலத்தை மறுபடியும் அளக்கச் செய்தான்; 1110இலும் ஓர் அளவை நடந்தது. இங்கிலாந்தில் வில்லியம் மன்னர் தம் புகழ்பெற்ற நிலக்கணக்கை எடுப்பித்ததும் அதே 1086ஆம் ஆண்டில்தான்! சுங்க இழப்பை ஈடுகட்டவே நிலம் அளக்கப்பட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. தவிர்த்தது விருதாயிற்று, அளந்தது விருதாகவில்லை என்பதை மட்டும் சுட்டுகிறோம். 'நிலம் அளந்த சோழன்' என்று எந்த ஊருக்கும் பெயர் வைக்க எவருக்குத் தோன்றும்?

குடிகளே எழுதிய கல்

இதற்கு மாறான கற்களும் உள்ளன. 1429இல், இரண்டாம் தேவராயர் காலத்தில், தென்னார்க்காட்டிலிருந்து காவிரிப் பகுதி வரை பல ஊர்களில் ஏறத்தாழ ஒரே தன்மையான சாசனங்கள் தோன்றின. கொறுக்கை, ஆடுதுறை முதலிய ஊர்களின் கல்வெட்டுகளை வரலாற்று மாணவர்கள் நன்கறிவர். வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் ஓயாமல் தமக்குள் பூசலிட்டவர்கள். அவ்விரு பிரிவினரும் அந்த ஆண்டில் ஒன்றுகூடினர். அதிகாரிகளும் காணியாளரும் சேர்ந்துகொண்டு முறையற்ற வரி கேட்பதைப் பொறுப்பதில்லை என உறுதி பூண்டனர். எதற்கு எவ்வளவு கொடுப்பது என்றும் வரையறுத்துக்கொண்டனர்.

ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமாவும் நம் எ. சுப்பராயலுவும் இச்சாசனங்களை விரிவாக ஆராய்ந்துள்ளனர். நம்மை ஈர்ப்பது ஒரு நுட்பம். அவர்கள் 'வரியே வேண்டாம்' என்று சொல்லவில்லை. 'இவ்வளவு தருவோம், இதற்கு மேல் தரமாட்டோம்' என்றனர். அரசனின் கருணைக்கும் குடியின் கணக்குக்கும் உள்ள வேறுபாடு அதுதான். வாக்குச்சீட்டு வருவதற்கு ஐந்நூறாண்டுகளுக்கு முன்னரே நம் பக்கத்து மண்ணில் வரியைப் பற்றிக் குடிகள் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கின்றனர்.

கள்ளுக்குப் போனது கடைக்கு வந்தது

அந்த வாக்குச்சீட்டின் காலத்துக்கு வருவோம். 1937இல் சென்னை மாகாணத்தில் நடந்த தேர்தலில் எல்லோருக்கும் வாக்கு இல்லை. நிலவரியோ வேறு வரியோ கட்டுவதும், எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதும் போன்றவையே வாக்குரிமைக்குத் தகுதிகள். எனவே அன்றைய வாக்காளருள் பெரும்பாலோர் வரி கட்டுவோர். உலகப் பொருளாதார மந்தத்தால் தானிய விலை பாதாளத்தில் கிடந்தது. தீர்வையோ பணமாகக் கட்ட வேண்டியிருந்தது. முன்பு ஒரு மூட்டை விற்றுக் கட்டிய கிஸ்தியை இப்போது இரண்டு மூட்டை விற்றுக் கட்டும் நிலை. ஆட்சியிலிருந்த நீதிக்கட்சிமீது இதனால் மனக்குறை மிகுந்திருந்தது. காங்கிரசு நிலவரிக் குறைப்பையும் மதுவிலக்கையும் முன்வைத்தது. 4,333 ரூபாய் சம்பளம் வாங்கும் நீதிக்கட்சி அமைச்சர்களுக்கு எதிரே, 500 ரூபாய் போதும் என்ற காங்கிரசின் எளிமையும் மேடைகளில் பேசப்பட்டது. 215 இடங்களில் 159 காங்கிரசுக்குக் கிடைத்தன. இராஜாஜி முதல்வரானார்.

மதுவிலக்கு 1937 அக்டோபரில் சேலத்தில் தொடங்கி, மறு ஆண்டு சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939இல் வட ஆர்க்காட்டுக்கும் விரிந்தது. திருவண்ணாமலை அன்று வட ஆர்க்காட்டில் இருந்தது. கள்ளுக்கடைகள் மூடப்பட்டபோது எத்தனையோ குடிசைகளில் அடுப்பு ஒழுங்காக எரிந்திருக்கும், அதில் ஐயமில்லை. ஆயின் மாகாண வருவாயில் ஆயத்தீர்வை பெரும்பங்கு. அதன் துண்டை எதைக்கொண்டு அடைப்பது?

விடையாக வந்தது 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான விற்பனை வரி இந்தியாவில் முதன்முதலாக இங்கேதான் பிறந்தது. ஆண்டு விற்றுவரவு 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி இல்லை. 20,000 வரை மாதம் 5 ரூபாய். அதற்கு மேல் அரை விழுக்காடு. வணிகர் எதிர்த்தனர், எதிர்க்கட்சியினர் சாடினர். குடிப்பவன் கட்டியதை இனிக் குடிக்காதவனும் கட்டுவான் என்பது அதன் உட்பொருள். அது தவறா சரியா என்பது தனி வழக்கு. இராஜாஜி அரசின் நேர்மையையும் சொல்லியாக வேண்டும்: இழப்பு இன்னது, ஈடு இன்னது என்று இரண்டு பாதிகளையும் சட்டமன்றத்தின் முன் வைத்தது அது.

பின்னர் நடந்ததுதான் வேடிக்கை. மதுவிலக்குப் போர்க்காலத்தில் தளர்ந்தது, விடுதலையை ஒட்டி மீண்டது, 1971இல் தள்ளிவைக்கப்பட்டது, மறுபடி வந்தது, 1981இல் மறுபடி விலகியது. 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதனிடமே வந்தது. விற்பனை வரியோ ஒருநாளும் விலகவில்லை. அரை விழுக்காட்டிலிருந்து வளர்ந்து, 2007இல் மதிப்புக் கூட்டு வரியாகி, 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரியாக உருமாறி நிற்கிறது. கள்ளுப் பணத்துக்கு மாற்றாக வந்த வரி, கள்ளுப் பணம் திரும்பி வந்தபோது எழுந்து இடம் கொடுக்கவில்லை. திண்ணையில் ஒதுங்க வந்தவர் வீட்டுக்காரரானார்!

தேரடி வீதியில் ஒரு கணக்கு

2021 மார்ச்சில், தேரடி வீதித் தேநீர்க்கடை ஒன்றில், ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இரு பெருங் கட்சிகளின் அறிக்கைகளையும் எடைபோட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டோம். தி.மு.க. பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்பதாகச் சொல்லியிருந்தது. அ.தி.மு.க. ஆண்டுக்கு ஆறு எரிவாயு உருளைகள் விலையின்றித் தருவதாகச் சொல்லியிருந்தது. "நாளைக்கு நாலு லிட்டர் போடறேன் சார். இருபது ரூபா மிச்சம். மாசம் அறுநூறு. சிலிண்டருன்னா மாசத்துக்குப் பாதி சிலிண்டர்" என்றார். எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் அவர் கணக்கில் பிழை காண முடியாது. ஆனால் அது முதற் பாதிக் கணக்கு. இரண்டாம் பாதியை அவருக்கு எவரும் அச்சிட்டுத் தரவில்லை.

அது இப்படி விரிந்தது. ஆட்சி மாறியது. 2021 ஆகஸ்டு 9 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் அரசுக்கடன் உள்ளது என்றது அது. நான்கு நாள் கழித்து வந்த நிதிநிலை அறிக்கையில் பெட்ரோல் வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது. ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு எனக் கணக்கிடப்பட்டது. டீசலுக்கு அப்போது குறைப்பில்லை. நம் ஓட்டுநரின் அறுநூறு, முந்நூற்றறுபதாயிற்று.

இதில் மாநிலத்தை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. அப்போது நடுவண் அரசு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு வாங்கிய தீர்வை 32 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பங்கிட்டுக்கொள்ளத்தக்க அடிப்படைத் தீர்வை 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மற்றவை செஸ், கூடுதல் தீர்வை என்ற பெயர்களில் பங்கீட்டுக்கு வெளியே நின்றன. 2017க்குப் பின் பெரும்பாலான பொருள்களின் வரிவிகிதத்தை மாநிலம் தனியே தொட முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு வரி குறைந்ததும் தில்லியில் கூடும் மன்றத்தின் முடிவால்தான். மாநிலக் கட்சி வாக்குக் கொடுக்க எஞ்சியிருப்பவை பெட்ரோல், மது, பத்திரப்பதிவு, உள்ளாட்சி வரி என்ற சிலவே.

அந்த உள்ளாட்சி வரியின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. அ.தி.மு.க. அரசு 2018இல் சொத்துவரியை உயர்த்தியது. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்தது. தி.மு.க.வின் 2021 அறிக்கை, கொரோனா நெருக்கடி நீங்கிப் பொருளாதாரம் சீராகும் வரை சொத்துவரி உயராது என்றது. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் உயர்வு அறிவிக்கப்பட்டது: நம்முடையவை போன்ற நகரங்களில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேல் 100 விழுக்காடு. சொத்துவரியைக் காலந்தோறும் உயர்த்தினால்தான் உள்ளாட்சி மானியம் என்று பதினைந்தாம் நிதிக்குழு நிபந்தனை விதித்திருந்தது என்பது அரசின் விளக்கம். விளக்கம் பொய்யன்று. ஆனால் அந்த நிபந்தனை தேர்தலுக்கு முன்னரும் இருந்ததே! இரு கட்சிகளும் இரு திசையிலிருந்து ஒரே பாடத்தைக் கற்பித்தன: குறைப்பு தேர்தலுக்கு முன்னே நடக்கும், உயர்வு பின்னே நடக்கும்.

நம் ஓட்டுநருக்குச் சொந்த வீடு இல்லை. சொத்துவரி தம்மைத் தொடாது என்றே அவர் நினைத்திருந்தார். வீட்டுக்காரர் வாடகையில் ஐந்நூறு கூட்டியபோது தொட்டது. பெட்ரோலில் வந்த முந்நூற்றறுபது எங்கே போயிற்று என்று அவர் தேடவேண்டியதாயிற்று.

கேட்க வேண்டிய கேள்வி

வரிக்குறைப்பு வாக்குறுதிகள் யாவும் ஏமாற்று என்று நாம் சொல்லவில்லை. நியாயமற்ற வரி நீங்கத்தான் வேண்டும். நீக்குகிறேன் என்பவருக்கு வாக்களிப்பது இழிவுமன்று. 1937இன் உழவர் தீர்வைக் குறைப்புக்காக வாக்களித்தது பேராசையால் அன்று, தாளமுடியாத சுமையால். ஆனால் வரி காற்றில் கரைவதில்லை, தோள்தான் மாற்றிக்கொள்கிறது. அல்லது கடனாகி, இன்னும் வாக்குரிமை பெறாத நம் பிள்ளைகளின் தோளில் ஏறிக்கொள்கிறது.

எனவே அடுத்த முறை அறிக்கை கைக்கு வரும்போது, அதைக் கல்வெட்டுப் போலப் படிப்போம். எது நீங்குகிறது? அந்தத் துண்டுக்கு இறைகாவல் செலுத்துபவர் யார்? எழுதியிருந்தால் அதை எடைபோடுவோம். எழுதாவிடில், வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் அந்த ஒன்றையே கேட்போம். சுங்கம் தவிர்த்த சோழனிடம் அவன் காலத்துக் குடிகள் கேட்டிருக்க முடியாது. 1429இல் கூடி நின்றவர்கள் கேட்டார்கள். நாம் எவருடைய வழியினர் என்பதை நாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.