பழம்பாலங்களும் ஊர்தித் தடையும்: அகமதாபாத் எல்லிஸ் பாலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆற்றைக் கடத்தல் என்பது மனித நாகரிக வளர்ச்சியின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்று. நீர்ப்பெருக்கினைத் தடுத்து நிறுத்தும் அணையையும், அதன்மேல் கடந்து செல்ல உதவும் பாலத்தையும் 'சேது' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கு நம் நாட்டில் தொன்றுதொட்டு உண்டு. தடுப்பதும் கடத்துவதும் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பழம்பாலங்களைப் பற்றி இந்திய நகரங்களில் இன்று எழுந்துள்ள வாதங்களும் இவ்விரு பொருளையும் சுற்றியே அமைகின்றன. நூறாண்டு கடந்த ஒரு பாலத்தின்மேல் மகிழுந்துகளும் சரக்குந்துகளும் செல்வதைத் தடுக்க வேண்டுமா, அன்றி மக்களின் கடத்தற்கு அதனைத் தொடர்ந்து திறந்து வைக்க வேண்டுமா என்பதே அவ்வினா.

இவ்வினா பொறியியல் துறைக்கு மட்டும் உரியதன்று. நகர வரலாறு, ஊர்ப்பெயராய்வு, மரபுச் சின்னப் பாதுகாப்பு ஆகியவற்றோடும் அது தொடர்புடையது. அகமதாபாத் நகரில் சாபர்மதி ஆற்றின் குறுக்கே அமைந்த எல்லிஸ் பாலத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு, பிற பகுதிகளின் பாலங்களையும் ஒப்புநோக்கி, இவ்வாதத்தின் வரலாற்றுப் பின்புலத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லிஸ் பாலத்தின் தோற்றம்

எல்லிஸ் என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழறிஞர் நினைவுக்கு வருபவர், சென்னையில் ஆட்சியராக விளங்கி, தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1816ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ் ஆவார். அகமதாபாத் பாலத்திற்குப் பெயர் தந்தவர் அவரல்லர். பம்பாய் ஆட்சிப் பணியில் வடமண்டல ஆணையராக இருந்த சர் பாரோ ஹெல்பர்ட் எல்லிஸ் என்பவரின் பெயரே அப்பாலத்திற்கு இடப்பட்டது. பெயரொற்றுமையால் மயக்கம் நேராதிருத்தற்பொருட்டு இதனை இங்குச் சுட்டுதல் வேண்டும்.

இவ்விடத்தில் முதலில் அமைந்தது மரப்பாலமாகும். 1870-71ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் ரூபாய்ச் செலவில் கட்டப்பெற்ற அப்பாலம், 1875ஆம் ஆண்டின் வெள்ளத்தில் அழிந்தது. அதன்பின் எழுந்ததே இன்றுள்ள எஃகுப் பாலம். வில்போல் வளைந்த மேற்சட்டங்களைக் கொண்ட இப்பாலத்தை 1892ஆம் ஆண்டில் கட்டி முடித்தவர் இம்மத்லால் தீரஜ்ராம் பசேச் என்னும் இந்தியப் பொறியாளர். இதற்கான எஃகு இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து தருவிக்கப்பட்டது.

பாலத்திற்கென ஒதுக்கப்பட்ட தொகை ஐந்து இலட்சம் ரூபாய். பசேச் செலவிட்டதோ 4,07,564 ரூபாய். செலவு குறைந்தமையைக் கண்ட அரசு அவரைப் பாராட்டவில்லை. தரங்குறைந்த பொருள்களைப் பயன்படுத்தியிருப்பார் என ஐயுற்று விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. கட்டுமானம் உயர்தரமானது என அக்குழு கண்டறிந்தபின், அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கியது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இந்தியப் பொறியாளர் ஒருவரின் நேர்மை எவ்வகைச் சோதனைக்கு உட்பட்டது என்பதற்கு இந்நிகழ்ச்சி நல்ல சான்றாகும். அன்று ஐயத்திற்கு இலக்கான அப்பாலம் நூறாண்டுக்கு மேலாக மக்கள் போக்குவரத்தைத் தாங்கியது என்பதும் இங்கு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது.

பெயர்வழி அறியப்படும் வரலாறு

அகமதாபாத் மக்கள் இவ்வெஃகுப் பாலத்தை 'லக்கடியோ புல்' என்று வழங்கி வந்தனர். மரப்பாலம் என்பது இதன் பொருள். மரம் ஆற்றோடு போன பின்னும் அதன் பெயர் எஃகின்மேல் ஏறி நின்றது. அலுவல்முறைப் பெயரான எல்லிஸ் என்பதோ பாலத்தைக் கடந்து மேற்கரைக்குச் சென்று அப்பகுதிக்கே ஊர்ப்பெயராயிற்று. சட்டமன்றத் தொகுதி ஒன்றும் இப்பெயரால் வழங்குகின்றது.

கோட்டைச் சுவருக்குள் அடங்கியிருந்த பழைய அகமதாபாத் ஆற்றின் கீழ்க்கரையில் உள்ளது. மேற்கரையில் நகரம் விரிவடைந்தமைக்குப் பாலம் ஒரு முதன்மைக் காரணம் எனலாம். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் 1915ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியாவில் தம் முதல் ஆசிரமத்தை நிறுவிய கோச்ரப் இம்மேற்கரைப் பகுதியிலேயே அமைந்துள்ளது. பாலத்தடியின் ஆற்றுமணலில் ஞாயிறுதோறும் கூடிய குஜரி சந்தை, பழைய பொருள்களை விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் நெடுங்காலம் வாழ்வளித்தது. எனவே பாலம் என்பது மேலே செல்வோர்க்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. கீழே அமர்ந்தோர்க்கும் அது நிழல் தந்தது.

பாலப்பெயர் ஊர்ப்பெயராதல் பிற இடங்களிலும் காணப்படுவதே. ஐதராபாத்தில் மூசி ஆற்றின் குறுக்கே 1578ஆம் ஆண்டில் இப்ராகிம் குலி குதுப் ஷா காலத்தில் கட்டப்பெற்ற பாலம், பிற்காலத்தில் 'புரானா புல்', அதாவது பழைய பாலம், என வழங்கப்பட்டு அப்பகுதியின் பெயராகவும் நிலைத்தது. ஐதராபாத் நகரம் உருவாக்கப்பட்டது 1591ஆம் ஆண்டில். ஆதலின் பாலம் நகரத்திற்கு மூத்தது. 1908ஆம் ஆண்டின் மூசிப் பெருவெள்ளத்தில் பிற பாலங்கள் உடைந்தபோதும் இக்கற்பாலம் நிலைத்து நின்றது.

தடை விதித்தலும் எழுந்த வாதங்களும்

எல்லிஸ் பாலம் கட்டப்பட்ட 1892ஆம் ஆண்டில் இந்தியாவில் மகிழுந்து இல்லை. அது இங்கு வந்தது 1890களின் இறுதியில்தான். மாட்டுவண்டி, குதிரை வண்டி, கால்நடையாகச் செல்வோர் ஆகியோரை எண்ணி அமைத்த குறுகிய பாதையில் பின்னர்ப் பேருந்தும் சரக்குந்தும் செல்லலாயின. நகரின் இரு கரைகளுக்கும் இடையே போக்குவரத்துப் பெருகியபோது பழம்பாலம் அதனைத் தாங்க இயலாத நிலை எய்தியது. 1990களின் இறுதியில் அதன் இருபுறமும் புதிய காங்கிரீட் பாலங்கள் கட்டப்பட்டு, சுவாமி விவேகானந்தர் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. எஃகுப் பாலம் 1997ஆம் ஆண்டில் ஊர்திப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. பழம்பாலத்தை இடிக்காது நடுவில் நிறுத்திப் புதியவற்றை இருமருங்கும் அமைத்த இம்முறை, இந்தியாவில் பரவலாகப் பின்பற்றப்படாத ஒன்றாகும்.

எனினும் தடை விதித்தவுடன் வாதம் முடிந்துவிடவில்லை. ஊர்தி செல்லாத பாலம் நகரின் நடுவில் எதற்கு என்னும் வினா பின்னர் எழுந்தது. 2010களின் முற்பகுதியில், பொதுப்போக்குவரத்துத் திட்டங்களுக்கு இடம் தரும்பொருட்டுப் பழம்பாலத்தை அகற்றும் எண்ணம் வெளிப்பட்டபோது நகர மக்கள் அதனை எதிர்த்தனர், அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. 2017ஆம் ஆண்டில் அகமதாபாத்தின் பழைய நகர்ப்பகுதி யுனெஸ்கோவின் உலக மரபு நகரமாக அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் எல்லிஸ் பாலத்தை வலுப்படுத்திச் சீரமைக்க மாநில அரசு ஏறத்தாழ 32 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் வழங்கியது.

இத்தகைய வாதங்களில் இரு தரப்பினரின் கூற்றுகளிலும் உண்மை உண்டு. தடையை வேண்டுவோர், பாலம் எச்சுமைக்கெனக் கட்டப்பட்டதோ அச்சுமையையே தாங்கும் என்பர். மகிழுந்தைத் தடுத்தல் பாலத்தை அதன் பழைய இயல்புக்குத் திருப்புவதே என்பது அவர்தம் கருத்து. தடையை மறுப்போர், பாலத்தின் பயனே கடத்தல் என்பர். இரு கரைகளிலும் கடை வைத்திருப்போர், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோர், தொலைவில் உள்ள மாற்றுப் பாலத்திற்குச் சுற்றிச் செல்ல வேண்டியோர் ஆகியோரின் இடர்ப்பாடு புறக்கணிக்கத்தக்கதன்று. தடையின் பயனை நகரம் முழுவதும் பெற, அதன் சுமையைக் கரையோரத்தார் மட்டும் ஏற்பது நேரியதாகாது. எல்லிஸ் பாலத்தில் மாற்றுவழி அருகிலேயே அமைக்கப்பட்டமையால் இவ்விடர் பெரிதும் நீங்கியது என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

ஒப்புநோக்கில் புனலூர்த் தொங்குபாலம்

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் கல்லடையாற்றின் குறுக்கே அமைந்த புனலூர்த் தொங்குபாலம் இங்கு ஒப்பிடத்தக்கது. புனல், ஊர் என்னும் இரு சொற்களும் தமிழர்க்கு விளக்கம் வேண்டாதவை. ஆல்பர்ட் ஹென்றி என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் 1877ஆம் ஆண்டில் முடிவுற்ற இப்பாலம் ஏறத்தாழ 400 அடி நீளமுடையது. கரைகளில் எழுப்பப்பட்ட கற்றூண்களிலிருந்து தொங்கும் சங்கிலிகள் மரத்தளத்தைத் தாங்குகின்றன. மேற்குமலையைக் கடந்து செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலிச் சீமையோடு நிகழ்ந்த வணிகத்திற்கு இப்பாலம் துணைநின்றது. செங்கோட்டை 1956ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இணைந்திருந்தமையை நினைவுகூரின் இவ்வழியின் சிறப்புப் புலனாகும்.

அருகில் காங்கிரீட் பாலம் அமைந்தபின் தொங்குபாலத்தில் ஊர்திப் போக்குவரத்து நின்றது. இன்று அது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமாகும்; நடந்து செல்வோர்க்கு மட்டும் உரியது. எல்லிஸ் பாலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. புனலூர்ப் பாலம் தெளிவான ஒரு பாதுகாவலரைப் பெற்றது. எல்லிஸ் பாலமோ போக்குவரத்துப் பணியிலிருந்து நீங்கிய பின்னர், சீரமைப்புக்கெனப் பெருந்தொகை ஒதுக்கப்பெற ஏறத்தாழ கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. புரானா புல்லிலோ அருகில் புதுப்பாலம் வந்தபின் காய்கறி வணிகர் கடை விரித்தனர். ஒன்று காட்சிப்பொருளாக, ஒன்று காத்திருக்கும் எஃகாக, ஒன்று சந்தையாக ஆனமை, தடை என்பது ஒரே முடிவுக்கு இட்டுச் செல்வதன்று என்பதைக் காட்டுகின்றது.

தடையும் பாதுகாப்பும் ஒன்றா?

அண்மைக்கால விபத்துகள் இரண்டு இவ்வாதத்திற்கு ஒளி தருகின்றன. மகாராட்டிர மாநிலம் மகாட் அருகே சாவித்திரி ஆற்றின்மேல் மும்பை – கோவா நெடுஞ்சாலையில் இருந்த ஆங்கிலேயர் காலத்துப் பாலம், 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் இரவு வெள்ளத்தில் இடிந்தது. அரசுப் பேருந்துகள் இரண்டு உள்ளிட்ட ஊர்திகள் ஆற்றில் வீழ்ந்தன. அப்பழம்பாலத்தின் அருகில் புதுப்பாலம் ஒன்று இருந்தும் பழையதும் போக்குவரத்தில் வைக்கப்பட்டிருந்தது. தக்க காலத்தில் தடை விதிக்கப்படாமையின் விளைவு இது.

மற்றொன்று குசராத்து மாநிலம் மோர்பியில் நிகழ்ந்தது. மச்சு ஆற்றின்மேல் வாக்ஜி தாக்கோர் மன்னர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் அமைந்த தொங்குபாலம் அது. அதில் மகிழுந்து செல்லவில்லை. மக்கள் நடந்தே சென்றனர். சீரமைப்புக்காக மூடப்பட்டு மீண்டும் திறக்கப்பட்ட சில நாள்களில், 2022ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் அது அறுந்து வீழ்ந்ததில் 135 பேர் உயிரிழந்தனர். முதன்மை வடம் ஒன்றின் 49 கம்பிகளில் 22 முன்னரே அரிக்கப்பட்டிருந்தமையும், பழைய மரப்பலகைகளுக்கு மாற்றாக அலுமினியத் தளம் இடப்பட்டமையும் புலனாய்வில் வெளிப்பட்டன.

மகாட் நிகழ்ச்சி, தடை வேண்டிய இடத்தில் தடை இல்லாமையைக் காட்டுகின்றது. மோர்பி நிகழ்ச்சியோ, ஊர்தி செல்லாமை மட்டும் காப்பாகாது என்பதை உணர்த்துகின்றது. மரபுச் சின்னம் என்னும் பெயரும், நடைபாதை என்னும் எளிமையும் அங்கு மக்களுக்குப் பொய்யான நம்பிக்கையைத் தந்தன. ஊர்தி செல்லும் பாலத்தைச் சாலைத்துறை கண்காணிக்கும். தடை விதித்தபின் அக்கண்காணிப்பு யாரைச் சாரும் என்பது தெளிவாக வரையறுக்கப்படாவிடில், தடையே கைவிடுதலாக மாறிவிடும்.

1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத பழமையை அளவாகக் கொண்டுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாலங்கள் பலவும் இவ்வளவை எட்டிவிட்டன. ஆயினும் வயது ஒன்றால் மட்டும் பாதுகாப்புக் கிட்டுவதில்லை. முறையான அறிவிப்பும் வேண்டும். ஊர்தித் தடைக்கான ஆணையும் சின்னமாக அறிவிக்கும் ஆணையும் வெவ்வேறு துறைகளிலிருந்து வெவ்வேறு காலத்தில் வருவதால், இடைப்பட்ட காலத்தில் பாலம் எத்துறைக்கும் உரியதாகாமல் நிற்கின்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் அறியப்படுவன: பழம்பாலத்தில் மகிழுந்தைத் தடுப்பதா என்பது பாலத்தின் தாங்குதிறனை அளந்து துணிய வேண்டிய ஒன்று. அத்துணிபு செயற்படுமுன் கரையோர மக்களுக்கு அண்மையில் மாற்றுவழி அமைதல் வேண்டும். தடை ஆணையிலேயே பாதுகாவல் துறையும், ஆண்டுதோறும் செய்யும் ஆய்வும், அதற்கான நிதியும் குறிக்கப்படுதல் வேண்டும். நடந்து செல்வோரின் எடையும் எடையே என்பதை மோர்பி கற்பித்துள்ளது.

பசேச் கட்டிய பாலத்தை அன்றைய அரசு ஐயுற்றது தவறாயினும், அவ்வையத்தின் பயனாக நிகழ்ந்த ஆய்வு பாலத்தின் தரத்தைப் பதிவு செய்தது. இன்று நம் பழம்பாலங்களுக்கு வேண்டுவதும் அத்தகைய ஆய்வே. அதனைச் செய்யாது மூடுவதும் தவறு. செய்யாது திறந்து வைத்தல் அதனினும் பெருந்தவறு.