பேராசிரியர் எழுதிய அரசியல் சட்டம்

1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாரிஸ் நகரத்து வீதிகளில் மக்கள் தடுப்பரண் எழுப்பிப் போராடி லூயி பிலிப் மன்னரை முடி துறந்து ஓடச் செய்ததும், வியன்னாவில் ஐரோப்பிய அரசியலை நெடுங்காலம் ஆட்டிவைத்த மெட்டர்னிக் பதவியிழந்து வெளியேறியதும் கேட்டு நாடுதோறும் சிம்மாசனங்கள் நடுங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில், நெதர்லாந்து தேசம், உள்நாட்டுப் போரின்றியே, அரசரின் கையிலிருந்த அதிகாரத்தை மக்கட் பிரதிநிதிகளின் கைக்கு மாற்றிக்கொண்டது. சேனைத் தலைவரோ, ஜனத்திரளைக் கிளர்ந்தெழச் செய்யும் பெரும் பேச்சாளரோ நடத்திவைத்த மாறுதல் அன்று அது. லைடன் சர்வகலாசாலையில் சட்டமும் சரித்திரமும் போதித்துவந்த, அதிகம் சிரித்தறியாத ஒரு பேராசிரியர், பல ஆண்டுகள் எழுதியும் திருத்தியும் ஆயத்தமாக வைத்திருந்த சிந்தனையின் பயன் அது. அவர் பெயர் யோஹான் ருடால்ஃப் தோர்பெக்கே.

1798ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி ஸ்வோலே என்னும் ஊரில், லூத்தரன் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தகப்பனார் புகையிலை வியாபாரத்தில் நொடித்துப்போனவர். இழந்த செல்வத்தின் துயரத்தையெல்லாம் மகனுடைய கல்வியால் ஆற்றிக்கொள்ள நினைத்தவர். லைடனில் 1820ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்ற இளைஞர், பின்னர் ஜெர்மானிய சர்வகலாசாலைகளில் சில ஆண்டுகள் தங்கி, சட்டமும் அரசும் எவனோ ஒருவன் ஒரு நாளில் நிறுவிவிடும் பொருள்கள் அல்ல, காலத்தோடு வளர்ந்து காலத்துக்கேற்ப மாறவேண்டியவை என்ற கொள்கையை உள்ளத்தில் ஊன்றிக்கொண்டு திரும்பினார். 1825இல் கெண்ட் நகரத்தில் கிடைத்த பேராசிரியர் பதவியை 1830ஆம் ஆண்டு பெல்ஜியப் புரட்சியில் இழந்தார். மறு ஆண்டே லைடன் அவரை அழைத்துக்கொண்டது.

அங்கே 1839இல் அவர் வெளியிட்ட நூல் நெதர்லாந்தின் அரசியல் சட்டத்துக்கு எழுதிய குறிப்புரை. மாணாக்கருக்குப் பாடம் சொல்பவர் செய்யும் சாதாரணக் காரியமாகவே அது தோன்றலாம். ஆனால் 1815ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் எடுத்து, இதன் பொருள் யாது, இதனால் அதிகாரம் யாரிடம் சென்று சேர்கிறது, கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்று அவர் சோதித்துக்கொண்டே போகப்போக, மந்திரிகள் அரசருக்கே கடமைப்பட்டவர்கள் என்பதும், மேல்சபையினரை அரசரே ஆயுட்காலத்துக்கு நியமிக்கிறார் என்பதும், கீழ்ச்சபையையோ மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாகாண சபைகள் தேர்ந்தெடுக்கின்றன என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டவெளிச்சமாயின. விளக்கவுரையாகத் தொடங்கியது குற்றப்பத்திரிகையாக முடிந்தது. 1844இல் பிரதிநிதி சபையில் இடம்பெற்ற அவர், அவ்வாண்டு டிசம்பரில் வேறு எட்டுப் பேருடன் சேர்ந்து சட்டத் திருத்தப் பிரேரணை ஒன்றைச் சமர்ப்பித்தார். ஒன்பதின்மர் பிரேரணை என்று சரித்திரத்தில் பெயர்பெற்ற அதை அடுத்த ஆண்டே சபை தள்ளிவிட்டது. அவரும் சபையில் தம் இடத்தை இழந்து வகுப்பறைக்குத் திரும்பினார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1848 மார்ச் மாதத்தில், அரசர் இரண்டாம் வில்லியம் தம் மந்திரிகளைக் கலந்துகொள்ளாமலே கீழ்ச்சபைத் தலைவரை அழைத்து, ஆழ்ந்த சீர்திருத்தத்துக்குத் தாம் இசைவதாகத் தெரிவித்தார். ஒரே நாளில் தாம் பழமைவாதியிலிருந்து தாராளவாதியாகிவிட்டதாக அயல்நாட்டுத் தூதர்களிடம் அவர் சொன்னார் என்பது பிரசித்தம். அதை அச்சத்தின் விளைவு என்று மட்டும் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. காலம் தட்டும் கதவைத் தாமே திறந்துவிடும் அரசர்கள் அரியர். மார்ச் 17இல் தோர்பெக்கே உட்பட ஐவர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஏப்ரல் 11இல் நகல் சட்டம் அரசர் முன் வைக்கப்பட்டது. ஒரு தேசத்தின் ஆட்சி முறையையே மாற்றி எழுத ஒரு மாதங்கூடத் தேவைப்படவில்லை என்றால், தோர்பெக்கே அதை நெடுநாளாகவே மனத்தில் எழுதி வைத்திருந்தார் என்பதே காரணம். நவம்பர் 3ஆம் தேதி பிரகடனமான அச்சட்டத்தின்படி, அரசர் குற்றம் சாட்டப்பட முடியாதவர். அரசாங்கத்தின் செயல்களுக்கெல்லாம் மந்திரிகளே பொறுப்பாளிகள். கீழ்ச்சபை நேரடித் தேர்தலால் அமையும். மசோதாக்களைத் திருத்தவும், விசாரணை நடத்தவும், வரவுசெலவுத் திட்டத்தை ஆண்டுதோறும் நிறைவேற்றவும் அதற்கு உரிமையுண்டு. ஆயினும் வாக்குரிமை வரி செலுத்துவோருக்கே உரியதாயிற்று. அந்த வரி ஊருக்கு ஊர் 20 கில்டர் முதல் 160 கில்டர் வரை வேறுபட்டது. ஜனத்தொகையில் நூற்றுக்கு மூவர்கூட அன்று வாக்காளராகவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1849 நவம்பரில் ஆட்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது. பிரதம மந்திரி என்ற பதவி அந்நாளில் சட்டத்தில் இல்லை. உள்நாட்டு மந்திரி என்ற பெயரிலேயே அவர் மந்திரி சபையை நடத்தினார். 1850இல் தேர்தல் சட்டமும் மாகாணச் சட்டமும், 1851இல் ஊராட்சிச் சட்டமும் நிறைவேறின. இவற்றுள் கடைசியில் சொன்னதையே அவருடைய மிகச் சிறந்த படைப்பாக நான் கருதுகிறேன். ஆம்ஸ்டர்டாம் போன்ற மாநகரமானாலும் நூறு வீடுகளுள்ள கிராமமானாலும், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சபை, யாவரும் வந்து கேட்கத்தக்க பகிரங்கக் கூட்டம், சரிபார்க்கப்படும் கணக்கு என்று ஒரே முறையை அது எங்கும் நிலைநிறுத்தியது. நகரத்தார்க்கு ஒரு நியாயம், நாட்டுப்புறத்தார்க்கு ஒரு நியாயம் என்ற பழைய வழக்கம் அதனோடு ஒழிந்தது.

அவருடைய வீழ்ச்சிக்கும் இதே சட்டப்பற்றுதான் காரணம். புதிய அரசியல் சட்டம் மதச் சங்கங்கள் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் உரிமையைத் தந்திருந்தபடியால், 1853 மார்ச்சில் போப்பாண்டவர் நெதர்லாந்தில் கத்தோலிக்க ஆயர் பீடங்களை மீண்டும் நிறுவியபோது, அரசு அதில் தலையிட இடமில்லை என்று தோர்பெக்கே உறுதியாக நின்றார். புராட்டஸ்டண்டு மக்களுக்கோ அது சகிக்க முடியாததாயிற்று. சுமார் இரண்டு லட்சம் கையொப்பங்கள் திரண்டன. ஏப்ரல் 15ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் அரண்மனையில் தெர் ஹார் என்ற பாதிரியார் அந்த விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தபோது, மந்திரிகள் சொன்ன ஆலோசனைக்கு மாறாக, மூன்றாம் வில்லியம் மன்னர் தம் குலத்துக்கும் தாய்நாட்டுக்கும் உள்ள பந்தம் இதனால் வலுப்பட்டதாக மனமுவந்து விடையளித்தார். மந்திரி சபை ராஜீனாமாச் செய்தது. தாம் லூத்தரனாயிருந்தும், சிறுபான்மையான அயல் சபையாரின் உரிமைக்காக ஆட்சியையே இழந்த அந்த மனிதரை அக்காலத்து மக்கள் நேசிக்கவில்லை. ஆனால் அவர் வாழ்க்கையில் இதைவிட உயர்ந்த தருணம் வேறில்லை.

1862 முதல் 1866 வரை நீடித்த இரண்டாம் மந்திரி சபை பல காரியங்களைச் செய்தது. ராட்டர்டாமுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் கடலுக்குச் செல்லும் புதிய நீர்வழிகளுக்குச் சட்டம் இயற்றியது. கணிதமும் விஞ்ஞானமும் தற்கால மொழிகளும் கற்பிக்கும் நடுத்தரப் பள்ளிகளை 1863ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்படுத்தியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற லோரென்ட்ஸும் ஸேமானும் இத்தகைய பள்ளிகளிலிருந்து வந்தவர்களே. அதே ஆண்டு ஜூலை முதல் தேதி சூரினாமில் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் ஓர் அடிமைக்கு 300 கில்டர் வீதம் நஷ்டஈடு முதலாளிக்குக் கிடைத்தது. விடுதலை பெற்றவர்க்கோ பத்தாண்டுகள் அரசின் மேற்பார்வையில் கட்டாய ஒப்பந்த வேலையே கிடைத்தது. சுதந்திரத்தை இவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்த ஒருவருடைய ஆட்சியில் இந்த அநீதி நடந்தது என்பது வேதனை தருவது.

1871இல் மூன்றாம் முறையாகப் பதவியேற்ற சில மாதங்களில், ஸாப்பமேர் கிராமத்து வைத்தியர் ஒருவரின் பதினேழு வயது மகள் அலெட்டா யாகோப்ஸ், குரோனிங்கன் சர்வகலாசாலையில் படிக்க அனுமதி கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினாள். பதிலைப் பெண்ணுக்கு எழுதாமல் தகப்பனாருக்கே எழுதினார் அந்தப் பழங்கால மனிதர். எனினும் ஓராண்டுக்கு அனுமதி தந்தார். நோயில் கிடந்து 1872 ஜூன் 4ஆம் தேதி ஹேக் நகரத்தில் காலமாவதற்குச் சில நாட்களுக்கு முன், அதை நிரந்தரமாக்கினார். நெதர்லாந்தின் முதல் பெண் டாக்டரான அலெட்டா, 1883இல் தோர்பெக்கேயின் அரசியல் சட்டத்தைக் கையிலெடுத்து, வரி செலுத்தும் வயதுவந்த குடிகளுக்கு வாக்குண்டு என்று இதில் எழுதியிருக்கிறதே, பெண்ணுக்கு இல்லை என்று எங்கே இருக்கிறது என்று வழக்காடினார். நியாயஸ்தலங்கள் மறுத்தன, 1887ஆம் ஆண்டுத் திருத்தத்தில், வாக்குரிமை ஆண்களுக்கே என்று வெளிப்படையாக எழுதிச் சேர்த்தார்கள். அதை நீக்கிப் பெண்கள் வாக்குரிமை பெற 1919ஆம் ஆண்டுவரை போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் அலெட்டா யாகோப்ஸ்.