வாய்க்கு வேலை இருந்த காலம்

கினிப்பன்றியின் முதுகு ரோமம் கத்தரித்தாற்போல் குட்டையாகிவிட்டால், வளர்ப்பவர்கள் முதலில் படர்தாமரைக் களிம்பைத்தான் வாங்குகிறார்கள். மதுரையில் சிறு பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் என்னிடம் பெரும்பாலும் களிம்பு பூசிய பிறகே கொண்டுவருவார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் தோல் சுத்தமாக இருக்கும். செதில் இல்லை, புண் இல்லை, ரோமம் வேரோடு உதிரவும் இல்லை, நடுவில் ஒடிந்திருக்கும். அது பல் செய்த வேலை. தன் வாய்க்கு எட்டாத தலையிலும் கழுத்திலும் மொட்டை விழுந்திருந்தால், கூட இருக்கும் இன்னொன்று கடித்திருக்கிறது என்று அர்த்தம்.

"இது இதோட குணமா டாக்டர்?" என்று கேட்பார்கள். குணத்தைவிட வளர்ப்பு முறைதான் காரணம் என்று நான் நம்புகிறேன். அதற்கு இந்தப் பிராணி வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

ஆண்டிஸ் மலைநாட்டில் ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன் இறைச்சிக்காக மனிதர் பழக்கிய உயிர் இது. பெருவின் மலைக் கிராமங்களில் இன்றும் அடுப்படித் தரையில் ஓடித் திரிகிறது. சில ஆண்கள், பல பெண்கள், குட்டிகள் என்று ஒரே இடத்தில் நெருக்கியடித்துத்தான் வாழ்கின்றன. ஆனால் அறுத்துவந்த புல்லும் சோளத் தட்டையும் காய்கறித் தோலும் காலடியிலேயே கிடக்கும். கினிப்பன்றிக்கு 20 பற்கள். கடைவாய்ப் பல் உட்பட அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முரட்டு நாரை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அவை தேயும். அந்த வாய்க்கு அடுப்படியில் எப்போதும் வேலை இருந்தது.

16ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பா வந்தது. 1580 வாக்கில் வரைந்த ஓர் ஆங்கில ஓவியத்தில் மூன்று குழந்தைகள் நிற்கிறார்கள். நடுவில் நிற்கும் சிறுமியின் கையில் ஒரு கினிப்பன்றி. உணவாக இருந்தது அங்கே செல்லமானது.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அழகுப் போட்டிக்காக வளர்க்கும் மோகம் வந்தது. சார்லஸ் கம்பர்லாண்ட் 1886இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். உணவு, ரோமம், அழகு மூன்றையும் தலைப்பிலேயே சேர்த்திருந்தார். தரையில் புரளும் நீள ரோமத்துக்குப் பெயர்போன 'பெருவியன்' வகை மேடையேறியது. போட்டிக்காரர்கள் அந்த ரோமத்தைக் கற்றை கற்றையாகப் பிரித்துக் காகிதத்தில் சுருட்டிக் கட்டிவைப்பார்கள். இன்னொன்றை அருகில் விட்டால் ஒரே இரவில் பல மாத வளர்ச்சியைக் கடித்துவிடும் என்பதால், போட்டிக்குப் போவதைத் தனிக் கூண்டில் அடைத்தார்கள். ரோமம் தப்பியது. கூட்டமாகவே வாழ்ந்து பழகிய உயிர் தனிமையில் கிடந்தது. இது எனக்கு மிகவும் வலிக்கிற பக்கம்.

அடுத்த திருப்பம் ஆய்வகத்தில். 1907இல் நார்வேயின் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் கொடுத்தபோது அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது. மனிதரைப் போலவே இதுவும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத உயிர் என்பது பின்னர் புரிந்தது. 1930களில் அந்த வைட்டமின் இனம் காணப்பட்டு, செயற்கையாகவும் தயாரானது. அதைக் கலந்து தீவன உருண்டை செய்ய முடிந்ததும், கீரையும் புல்லும் இல்லாமலே இந்தப் பிராணியை உயிரோடு வைத்திருக்க வழி பிறந்தது. பெரிய கண்டுபிடிப்புதான், எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் கிண்ணத்து உருண்டையைத் தின்ன அதிக நேரம் ஆகாது. மிச்சப் பொழுதுக்கு அந்த வாய் என்ன செய்யும்? பக்கத்தில் நாரைப்போல இருப்பது ரோமம் ஒன்றுதான். பலமுள்ளது பலமில்லாததைக் கடிக்கும்; குட்டிகள் தாயின் முதுகைக் கடிக்கும்.

இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த கினிப்பன்றிகளுக்குக் காய்ந்த புல் கொடுத்தபோது மொட்டை குறைந்ததை 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. படித்தபோது, அடுப்படித் தரை அறிந்திருந்ததைத்தான் ஆய்வகமும் கண்டிருக்கிறது என்று தோன்றியது.

நம் ஊரில் "புல் போடுங்கள்" என்றால் பலர் வைக்கோல் போடுகிறார்கள். படுக்கைக்கு அது சரி, சத்துக்குப் போதாது. மருந்தடிக்காத இடத்து அருகம்புல்லை அறுத்து, நிழலில் உலர்த்தி, கூண்டில் எப்போதும் இருக்கும்படி குவித்துவைக்கச் சொல்கிறேன். பதுங்க இரண்டு வழி உள்ள அட்டைப்பெட்டியும் வேண்டும். ஒற்றை வாசல் என்றால் பலமுள்ளது மறித்துக்கொள்ளும். சொறிந்துகொண்டே இருந்தால் சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். பெண்ணுக்கு இரு விலாவிலும் ஒரே மாதிரி ரோமம் கொட்டினால் சினைப்பைக் கட்டியாக இருக்கலாம். இவற்றுக்குப் புல் போதாது. உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் 2008இல் நடைமுறைக்கு வந்த விதிகள் கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது என்கின்றன. உலகம் முழுக்கச் செய்தியானது பெரும்பாலும் அதுதான். அதே விதிகள் காய்ந்த புல் போன்ற முரட்டுத் தீவனத்தையும் கொறிக்கப் பொருளையும் பதுங்கிடத்தையும் சேர்த்தே கேட்கின்றன. துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் புல் எங்கே கிடைக்கும் என்று பார்த்துவைத்தீர்களா என்பதைத்தான்.