வாத்து மேய்ந்தால் கடல் புல் அழிந்துவிடுமா?

பொன்மலையில் கடல் இல்லை. ஆனாலும் பொன்மலைக்கும் கடற்கரைக்கும் பழைய உறவு உண்டு. நம் ரயில்வே ஒர்க்‌ஷாப் முதலில் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. 1928-ல்தான் இங்கே வந்தது. அதோடு நாகைப் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் வந்து சேர்ந்தன. அதனால் வேதாரண்யம், கோடியக்கரை என்ற பேச்சு எங்கள் குவார்ட்டர்ஸ் திண்ணைகளில் சாதாரணமாக அடிபடும்.

அப்படி ஒரு பேச்சில் கேட்டதுதான் இது. "மழைக்காலம் முடிந்ததும் வெளிதேசத்து வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. தண்ணீருக்கடியில் இருக்கும் புல்லை எல்லாம் மேய்ந்துவிடுகின்றன. பிறகு மீன் எங்கே இருக்கும்?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

முதலில் கடல் புல் என்றால் என்ன என்று பார்ப்போம். இது பாசி அல்ல. வேர், இலை, பூ, விதை எல்லாம் உள்ள உண்மையான செடி. வெயில் அடிவரை எட்டுகிற ஆழமில்லாத கடலில் வயல் போலப் பரவி வளரும். இறால், நண்டு, மீன் குஞ்சுகள் அதற்குள்தான் ஒளிந்து வளர்கின்றன. புல் போனால் மீனவர் வலையும் வெறுமையாகும். பயம் நியாயமானதுதான். பழி யார்மேல் என்பதுதான் கேள்வி.

மேய வரும் வாத்துகளில் ஒன்றின் பெயரைக் கேட்டால் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் மகிழ்வார்கள்: நாமத்தலை வாத்து! ஆண் வாத்தின் செம்பழுப்புத் தலையில் நெற்றியிலிருந்து உச்சிவரை வெளிர்மஞ்சள் பட்டை ஒன்று ஓடும். ஐரோப்பா, சைபீரியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் நம் நாட்டுக்கு வரும். கோடியக்கரையிலும் காணலாம். இதன் முக்கிய உணவு புல்லும் நீர்ச்செடியும்தான்.

ஜெர்மனியின் வடகோடியில் சில்ட் என்று ஒரு தீவு. இலையுதிர் காலத்தில் இந்த நாமத்தலை வாத்துகளும், பிரென்ட் என்ற கருநிறக் காட்டு வாத்துகளும் அங்கே கடல் புல்லை மேயும். 1990-களின் பிற்பகுதியில் ஆராய்ச்சியாளர்கள் புல்வெளியில் சில இடங்களைப் பறவை நுழையாதபடி தடுத்து வைத்துப் பார்த்தார்கள். திறந்த இடத்தில் பாதிக்கும் மேற்பட்ட புல்லைப் பறவைகள் தீர்த்துவிட்டன. ஆனால் அடுத்த பருவத்தில் தடுத்து வைத்த இடத்தில்தான் புல் சரியாகத் தலையெடுக்கவில்லை. அடர்ந்த இலைகளுக்கு நடுவே சேறு சேர்ந்ததே காரணமாக இருக்கலாம் என்றார்கள். எல்லாக் கடலுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் வாத்து மேய்ந்தாலே புல் அழியும் என்பது சரியல்ல என்று தெரிகிறது.

இதற்கு மாறாக, புல் போனால் பறவை என்ன ஆகும்? 1930-களின் தொடக்கத்தில் அட்லாண்டிக் கடலின் இரு கரையிலும் ஒரு நோய் பரவி, அங்கிருந்த கடல் புல்லில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. அதையே நம்பியிருந்த பிரென்ட் வாத்துகள் கூட்டம் கூட்டமாகக் குறைந்தன. அந்தப் புல்லின் இலைமேல் மட்டுமே வாழ்ந்த ஒரு சிறு நத்தையினம் உலகத்திலிருந்தே மறைந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா கரையில் விசிறிச் சிப்பி எடுக்கும் தொழில் படுத்துவிட்டது. மிச்சமிருந்த புல்லை 1933 ஆகஸ்ட் புயல் கொண்டுபோனது. எழுபது ஆண்டு கழித்து, ஏழு கோடிக்கும் அதிகமான விதைகளைத் தூவித்தான் அங்கே புல்வெளியை மீட்க முடிந்தது.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. திருச்சியிலிருந்து ஹவுரா ரயிலில் போனவர்களுக்கு ஒடிசாவில் பாதையை ஒட்டியே வரும் சிலிகா ஏரி நினைவிருக்கும். கடலோடு சேரும் அதன் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபட்டது. உப்பு குறைந்தது, நன்னீர்க் களை பரவியது. மீன்பாடு 1999-2000-ல் 2,000 டன்னுக்கும் கீழே போனது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். ஓரிரு ஆண்டிலேயே மீன்பாடு 10,000 டன்னைத் தாண்டியது. களை பின்வாங்கி, கடல் புல் பரவியது. இன்று அங்கே குளிர்காலத்தில் பத்து லட்சம் பறவைகள் வரை வருகின்றன. அவற்றில் பெரும்பகுதி வாத்துகள். பறவையும் புல்லும் மீனும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன. பறவைகளை விரட்டி அல்ல, தண்ணீருக்கு வழிவிட்டுத்தான் ஏரியைக் காப்பாற்றினார்கள்.

நம் பாக் நீரிணையில் கடல் புல்லை மேய்வதில் பெரிய ஆள் வாத்து அல்ல, கடற்பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். அது போன தடம் ஏர் ஓட்டிய சால் மாதிரி மணலில் தெரியும். அத்தனை தின்றும் எத்தனையோ நூற்றாண்டுகளாகப் புல் இருந்தே வந்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. புல்லுக்கு உண்மையான எதிரிகள் கடல் தரையை வழித்துப் போகும் இழுவை மடி, வெயிலை மறைக்கும் கலங்கல், கரையிலிருந்து வந்து சேரும் கழிவு ஆகியவைதான். மேய்ந்த புல் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வெளிச்சம் படாத புல்லுக்கு அந்த வழி இல்லை.

டிசம்பர், ஜனவரியில் கோடியக்கரைப் பக்கம் போகிறவர்கள் ஒரு பைனாகுலர் எடுத்துச் செல்லுங்கள். நாமம் போட்ட வாத்தைக் கண்டால் பேரப்பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். புல்லைத் தின்கிறதே என்று அதன்மேல் கோபப்பட வேண்டாம்.