கேரள எல்லைத் தமிழ்ப் பள்ளிகளில் தொடக்கநிலைக் கணிதம்

பாலக்காட்டின் கிழக்கோரத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலும், இடுக்கியின் தேவிகுளம், மூணாறு, மறையூர், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ்வழித் தொடக்கப்பள்ளிகள் நடந்துவருகின்றன. இங்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த முறையும், சொல்லிக்கொடுப்பவர் பெற்ற பயிற்சியும் ஆட்சி மாற்றங்களோடு பின்னிப்பிணைந்தவை. 1956 வரை பாலக்காடு சென்னை மாநிலத்து மலபாரில் இருந்தது; 1949 வரை கொச்சியில் இருந்த சித்தூரும், திருவிதாங்கூரில் இருந்த தேவிகுளமும் பீர்மேடும் அதன்பின் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன.

தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியே பாடநூல். முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) எனக் கீழ்வாயிலக்கத்தைப் பிள்ளைகள் உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தனர். நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அதுவே போதுமானதாக இருந்தது. ஆசிரியருக்கென்று தனிப் பயிற்சி கிடையாது. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் ஆசிரியத் தொழிலைப் பழகினான். தேயிலைத் தோட்டங்களில் பள்ளி என்பது வெகுகாலம் நிர்வாகத்தின் விருப்பத்தைச் சார்ந்தே இருந்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம்தான், 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருக்கும் தோட்டங்களில் கல்வி வசதி செய்துதரும்படி முதலாளிகளைப் பணிக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது.

பெரிய திருப்பம் 1956-57இல் நேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானது. எல்லைத் தமிழர்கள் அதில் மொழிச் சிறுபான்மையினராக இருந்தனர். அதே ஆண்டின் ஏழாவது திருத்தம் அரசமைப்பில் 350-ஏ பிரிவைச் சேர்த்து, சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி கிடைக்க மாநிலங்கள் வழிசெய்ய வேண்டும் என்றது. ஐந்தே மாதத்தில், 1957 ஏப்ரல் 1 அன்று, நாணயமும் அணா, பையிலிருந்து தசம முறைக்கு மாறியது. அதுவரை 3 ரூபாய் 5 அணா 7 பையை 6-ஆல் பெருக்க, 42 பையை 3 அணா 6 பையாக்கி, 33 அணாவை 2 ரூபாய் 1 அணாவாக்கி, 20 ரூபாய் 1 அணா 6 பை என விடை காண வேண்டியிருந்தது. 12, 16 என்ற இரு அடிமானங்களில் ஊறிய ஆசிரியர்கள் இனித் தசமத்துக்கும், தொடர்ந்து கிலோவுக்கும் மீட்டருக்கும் மாற வேண்டியதாயிற்று. கணக்கு வகுப்பையே புரட்டிப்போட்ட இந்த மாற்றம் கல்வி வரலாறுகளில் உரிய இடம் பெறவில்லை.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்டந்தோறும் 'டயட்' எனப்படும் மாவட்டக் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் வந்தன. பாலக்காட்டு டயட் ஆனக்கரையிலும், இடுக்கி டயட் தொடுபுழையிலும் அமைந்தன. இரண்டும் தத்தம் மாவட்டத்தின் மேற்கு முனையில் உள்ளன. தமிழ்ப் பள்ளிகளோ பெரும்பாலும் கிழக்கு முனையில். மூணாற்று ஆசிரியர் தொடுபுழைக்குப் போக மலையிறங்கியாக வேண்டும். ஆகவே, மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் (டி.பி.இ.பி.) இரண்டாம் கட்டம் இவ்விரு மாவட்டங்களுக்கும் 1990-களில் வந்தபோது, அது கொண்டுவந்த பி.ஆர்.சி. என்ற வட்டார வள மையங்களும் கிளஸ்டர் கூட்டங்களும் இங்குள்ள ஆசிரியர்களுக்குக் கூடுதலாகப் பயன்பட்டன.

இத்திட்டமும், 2007-ஆம் ஆண்டின் கேரளப் பாடத்திட்டச் சட்டகமும் மனப்பாடத்தைப் பின்தள்ளிச் செயல்வழிக் கற்றலை முன்வைத்தன. 52-இலிருந்து 38-ஐக் கழிக்கும் குழந்தை, "முப்பத்தெட்டுக்கு ரெண்டு போட்டா நாப்பது, அதுக்கு மேல பன்னெண்டு, ஆகப் பதினாலு" என்று சொன்னால் அதுவும் முறையான கணிதமே. கடன் வாங்கிக் கழிக்க மட்டுமே பழகிய ஆசிரியர் அதைத் தவறென்று அடித்துவிடக்கூடும். குழந்தையின் மொழியில் அதன் கணக்கைக் காதுகொடுத்துக் கேட்கும் பயிற்சியே இப்பள்ளிகளுக்கு முதல் தேவை. பாடநூல் தமிழில் அச்சாவது மட்டும் அதற்கு ஈடாகாது.

ஆசிரியருக்கான தகுதியிலும் கணிதம் இடம்பெறுகிறது: 2012-இல் தொடங்கிய, கே-டெட் எனப்படும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வில், தொடக்கநிலை (எல்.பி.) வகுப்புகளுக்கான பிரிவில் 150 வினாக்களில் 30 கணிதத்துக்கானவை. இன்னொரு பக்கம், இடுக்கியிலும் பாலக்காட்டின் அட்டப்பாடியிலும் உள்ள மலைக் குடியிருப்புகளில் ஒரே ஆசிரியர் நான்கு வகுப்புகளையும் சேர்த்து நடத்திய பல்நிலைக் கற்றல் மையங்கள் 2022-இல் மூடப்பட்டன. அங்குப் படித்த பிள்ளைகள் வேறு பள்ளிகளுக்கு மாற்றப்பட்டனர்.