கூளி
கூளி என்பது பேயைக் குறித்த பழந்தமிழ்ச் சொல். இன்று வழக்கில் இல்லை. பேய் என்ற ஒரு பொருளோடு பழைய நூல்களுக்குள் போனால் வழி தவறும். திருமுருகாற்றுப்படையின் கூளியர், நாடிவரும் புலவனுக்காக முருகனிடம் பரிந்து பேசும் குற்றுருவப் பணியாளர். பதிற்றுப்பத்தின் கூளியரோ கொள்ளைப் பொருளை உண்டு வாழும் படைமறவர், மனிதர்களே.

இச்சொல்லுக்குப் பெருவாழ்வு கிடைத்தது, இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் சோழர் தலைநகராயிருந்த காலத்தில். முதற் குலோத்துங்கனின் (1070–1122) கலிங்க வெற்றியைச் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியாகப் பாடினார். அதில் சோழர் குல வரலாற்றைச் சொல்வது அரசவைப் புலவனல்ல. இமயத்தில் பொறித்திருந்ததைப் படித்துத் திரும்பிய முதுகூளி. கருணாகரத் தொண்டைமானின் போரைக் காளிக்கு உரைப்பதும் கூளிதான். அதுவரை பசியில் வாடிய இக்கூட்டம், பின்னர் போர்க்களத்திலேயே கூழ் சமைக்கிறது.