நோவு, வலி, கீல்: பெங்களூர் இயன்முறை மருத்துவமும் சொல் வரலாறும்

0. முன்னுரை

தசை, மூட்டு ஆகியவற்றின் நோவை வெப்பம், பிடித்துவிடுதல், முறையான பயிற்சி ஆகியவற்றால் தணிப்பது இயன்முறை மருத்துவம். நோவின் தன்மையை எக்கருவியும் நேரே காட்டுவதில்லை. நோயாளியின் சொல்லே முதற்சான்றாகிறது. ஆகவே இத்துறையின் வரலாற்றில் சொற்களுக்கும் இடமுண்டு. தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கும் பெங்களூர் இதனை ஆராய்தற்கு ஏற்ற களமாகும்.

1. மருத்துவ மரபுகள்

சித்த மருத்துவம் புறமருத்துவத்தை 32 வகையாகப் பகுக்கிறது. ஒற்றடம், வேது, தொக்கணம் என்பன அவற்றுள் அடங்கும். தொக்கணம் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். இவை யாவும் தொழிற்பெயர்களாக அமைந்திருப்பது நோக்கத்தக்கது.

ஐரோப்பாவில் 1813இல் ஸ்டாக்ஹோமில் லிங் நிறுவிய உடற்பயிற்சிக் கழகமும், 1894இல் இலண்டனில் செவிலியர் நால்வர் தொடங்கிய சங்கமும் இத்துறைக்கு அடித்தளமிட்டன. இந்தியாவில் இளம்பிள்ளை வாதத்தின் தாக்கத்தை ஒட்டி, உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு 1953இல் மும்பையில் முதற்பள்ளி தோன்றியது. வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ் விபத்தொன்றில் கால்களின் இயக்கத்தை இழந்த பின்னரும் பயிற்சி பெற்றுத் திரும்பி மறுவாழ்வுத் துறையை வளர்த்தார். அங்கு 1966இல் மறுவாழ்வு நிலையம் அமைந்தது. 2014இல் இந்தியா இளம்பிள்ளை வாதம் அற்ற நாடெனச் சான்று பெற்றது. முடக்கத்தை முன்னிட்டு வளர்ந்த துறைக்கு இன்று முதுகு, முழங்கால் நோவே அன்றாடப் பணியாகிவிட்டது.

2. பெங்களூர்ச் சூழல்

1809இல் பெங்களூரில் படைமுகாம் அமைந்தபின் சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் பலர் அங்குக் குடியேறினர். முகாம் பகுதியில் 1868இல் பௌரிங் மருத்துவமனையும், பழைய நகரில் 1900இல் விக்டோரியா மருத்துவமனையும் எழுந்தன. 1996இல் நிறுவப்பெற்ற இராஜீவ்காந்தி நலவாழ்வு அறிவியல் பல்கலைக்கழகம் இயன்முறை மருத்துவப் பட்டங்களையும் வழங்கி வருகிறது.

3. சொல்லும் பொருளும்

இருமொழிக்கும் பொதுவான சொற்கள் பல. நோவு இருமொழியிலும் உண்டு. கன்னடத்தில் அதுவே அன்றாடச் சொல். தமிழ்ப் பேச்சிலோ பெரும்பாலும் அவ்விடத்தை வலி பெற்றுள்ளது. திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வலி என்பதற்கு ஆற்றல் என்றே பொருள். மூட்டைக் குறிக்கும் கீல், கன்னடத்தில் கீலு என வழங்குகிறது. தமிழில் அது கீல்வாதம் போன்ற தொடர்களில் எஞ்சியுள்ளது. சுளுக்கைக் குறிக்கும் பழைய வடிவமான உளுக்கு, கன்னடத்தில் உளுகு என வழங்குகிறது.

ஒற்றுமை எப்போதும் துணையாவதில்லை. தமிழர் தோள் என்று சொல்வது பெரும்பாலும் தோள்பட்டையை. கன்னடத்தில் தோளு என்பது கையை. தோளில் நோவு எனத் தமிழ் நோயாளி கூறினால், கன்னட மருத்துவர் தோள்மூட்டை விடுத்துக் கையைச் சோதிக்கக் கூடும். வாதம் என்னும் சொல்லும் இத்தகையதே. கீல்வாதத்தில் அது மூட்டு நோயையும், பக்கவாதத்தில் செயலிழப்பையும் சுட்டுகிறது. இவ்விரண்டிற்கும் உரிய பயிற்சிகள் வேறு வேறாகும்.

4. முடிவுரை

1975இல் மெல்சாக் வெளியிட்ட மெக்கில் நோவு வினாநிரல் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்தது. குத்தல், குடைச்சல், பிடிப்பு, இழுப்பு, மதமதப்பு என வேறுபடுத்தும் தமிழுக்கும் அத்தகைய பகுப்பு இயல்பானதே. இச்சொற்களையெல்லாம் வலி என்னும் ஒரே சொல்லாகப் பெயர்த்தால் நோயறிதற்குரிய குறிப்புகள் மறைந்துபோகும். நோயாளி சொன்ன சொல்லை அவ்வாறே பதிந்து, இடத்தைத் தொட்டுக் காட்டச் செய்தல் பன்மொழி நகர மருத்துவத்தின் முதற்படி எனலாம்.